போன் முதியவரின் கையிலேயே இருக்கட்டும்: வன்னியில் மூத்தோருடன் சேர்ந்து செயலி வடிவமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

முள்ளியவளையில் ஒரு வீட்டு முற்றத்தில், மாமர நிழலில் இருந்த ஆச்சி ஒருவரின் கையில் நாங்கள் செய்த செயலியைக் கொடுத்தோம். கிளினிக் நாளையும் குளிசை எடுக்கும் வேளையையும் நினைவூட்டுவதற்கான சிறிய செயலி அது. அவர் போனைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துப் பார்த்தார், பிறகு கிட்டக் கொண்டுவந்தார். ஒருமுறை அமத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமத்தினார், தேவையில்லாத ஒரு பக்கம் திறந்தது. அதற்குள் பக்கத்தில் நின்ற பேரன் "இஞ்ச தாங்கோ அம்மம்மா" என்று போனை வாங்கி, பத்து நொடியில் எல்லாவற்றையும் செய்து முடித்தான். நாங்களும் "பணி நிறைவேறியது" என்று குறிப்பேட்டில் எழுதினோம். ஆச்சி மடியில் கிடந்த கிளினிக் கொப்பியை எடுத்து, அதன் மட்டையை நீவிக்கொண்டிருந்தார்.

அன்று நாங்கள் எழுதியது பிழை. பணியை நிறைவேற்றியவன் பேரன். அதன்பிறகு எங்கள் குறிப்பேட்டில் வேறொரு கணக்கை முதலாவதாக எழுதத் தொடங்கினோம்: போன் எத்தனை தடவை மூத்தவரின் கையை விட்டுப் போனது, எந்த இடத்தில் போனது, ஏன் போனது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கணக்கைச் சுற்றியே எழுதப்பட்டது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் செயலி, இணையத்தளம், தகவல் சேவை எதையேனும் உருவாக்கும் இளையவர்கள் இதைப் படித்துக்கொண்டே வேலை செய்யலாம்.

முதற்படி: யாருக்காக என்பதைப் பிரித்து எழுதுங்கள்

இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயதை நிறைவு செய்தவர்களை முதியவர்கள் என்கிறது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் சனத்தொகையில் 12.4 சதவீதத்தினர் இந்த வயதைக் கடந்தவர்கள். அந்தப் பங்கு அதன்பின் கூடிக்கொண்டே வருகிறது. சட்டத்துக்கு ஓர் எல்லை போதும். வடிவமைப்பவருக்கு அது போதாது. உழவு இயந்திரத்தைத் தானே ஓட்டிச் சென்று நெல் விற்று வருகிற 62 வயது விவசாயியும், கண்புரை முற்றிய 84 வயது மூதாட்டியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

வன்னியில் இந்த வேறுபாடு இன்னும் ஆழமானது. 1977 வன்முறைகளுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய தோட்டக் குடும்பங்களின் முதியவர்களுக்குக் கிடைத்த பள்ளிப்படிப்பு வேறு, அவர்களின் பேச்சு வழக்கு வேறு. 2009 மே வரை நீண்ட போரில் செல்வீச்சால் காது மந்தமானவர்கள், கையில் விரல் இழந்தவர்கள், உடம்பில் இரும்புத் துண்டுகளோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் தபால் ஊழியர்களும் தெளிவான கையெழுத்தோடு ஊருக்கே மனு எழுதிக் கொடுக்கிறார்கள். ஆகவே "முதியோருக்கான செயலி" என்று தலைப்பிட்டு வேலை தொடங்காமல், பார்வை, செவிப்புலன், கைவிரல், எழுத்தறிவு, சொந்தப் போன் உண்டா இல்லையா என்ற ஐந்து கோடுகளை ஒரு தாளில் கீறி, ஒவ்வொரு கோட்டின் இரு முனைகளிலும் நிற்கும் மனிதர்களைத் தேடிப் பிடியுங்கள்.

ஐந்து பேரைக் கொண்டு சோதித்தால் பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் எழுதியது இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கு, பயன்படுத்துபவர்கள் ஓரளவுக்கு ஒரே மாதிரியானவர்கள் என்ற நினைப்பில் நிற்கிறது. மூத்தோரிடம் அது நிற்காது. நான் பரிந்துரைப்பது ஐந்தைந்து பேராகப் பல சிறு சுற்றுகள். ஒரு சுற்று முதியோர் சங்கத்துக்கு ஒழுங்காக வருகிறவர்களோடு நடக்கலாம். அடுத்தது வீட்டை விட்டு வெளியே வராதவர்களோடு நடக்க வேண்டும். சங்கத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஊரில் நடமாட்டம் உள்ளவர்கள். அவர்களை மட்டும் கேட்டு முடித்தால் உங்கள் செயலி அவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

இரண்டாம் படி: சந்திக்கும் இடம், காலம், ஒப்புதல்

பிரதேச செயலக மண்டபத்துக்கு அழைத்தால் மூத்தவர்கள் வருவார்கள். நல்ல சேலை, வேட்டி உடுத்து, அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ கொடுப்பனவு பதிகிறார்கள் என்ற எதிர்பார்ப்போடு வருவார்கள். அந்த எதிர்பார்ப்பு ஒவ்வொரு பதிலையும் வளைத்துவிடும். வீட்டு முற்றம், வாசிகசாலை, கோயில் மடம், சங்கக்கடை விறாந்தை ஆகியன நல்ல இடங்கள். காலபோக அறுவடை நடக்கும் வாரங்களில் போகாதீர்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் நாட்களில் முல்லைத்தீவுப் பக்கம் யாரும் உங்களுக்காகக் காத்திருக்கமாட்டார்கள். கிளினிக் நாளையும் தவிருங்கள். விடியவே எழுந்து வரிசையில் நின்று களைத்து வந்தவரிடம் எதைக் கேட்பது? காலை ஒன்பது மணிக்கும் பதினொன்றுக்கும் இடைப்பட்ட நேரம் நல்லது, ஒரு சந்திப்பு நாற்பது நிமிடத்தைத் தாண்டக்கூடாது.

ஒப்புதல் பெறுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் பதிவு, பட்டியல், கையொப்பம் ஆகிய சொற்களுக்கு ஒரு கனம் உண்டு. இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும், முகாமிலும் மீள்குடியேற்றத்திலும், யாரோ ஒருவர் வந்து பெயரை எழுதி ஒப்பமிடச் சொன்ன அனுபவம் உள்ளவர்களிடம் மூன்று பக்கப் படிவத்தை நீட்டினால் அவர்கள் மறுக்காமல் ஒப்பமிடுவார்கள். பயத்தில் மறுக்காதிருப்பதை ஒப்புதலாகக் கொள்ள முடியாது. ஆகவே என்ன செய்யப் போகிறோம், எதை எழுதி வைப்போம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்பதை வாயால் சொல்லுங்கள். அதை அவர் தன் சொல்லில் திருப்பிச் சொல்லும்வரை காத்திருங்கள். விரும்பினால் குரலில் ஒப்புதலைப் பதியுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவுகளைச் சிறப்பு வகையாகக் கருதுவதால், நோய், மருந்து பற்றிய எதையும் தேவையில்லாமல் சேர்க்காதீர்கள். படம் எடுப்பதற்குத் தனியாகக் கேளுங்கள்.

இன்னொன்று. போனில் உள்ள படங்களைத் திறக்கச் சொல்வது எளிய பயிற்சிபோலத் தோன்றும். அந்தப் படங்களுள் இறந்துபோன, காணாமற்போன பிள்ளையின் படம் இருக்கும். எங்களுக்கு அப்படி நேர்ந்தது. அந்த அம்மா பேசத் தொடங்கினார். நாங்கள் குறிப்பேட்டை மூடிவிட்டு அன்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தோம். அதன்பிறகு பயிற்சிக்கு எங்கள் போனையும், எங்களுடைய பொதுவான படங்களையும் மட்டுமே கொண்டுபோகிறோம்.

"சோதனை" என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். சோதனை என்றால் பள்ளிக்கூடம், தேறுவது, தவறுவது. "நாங்கள் செய்த பொருளில் எங்கே பிழை என்று எங்களுக்குக் காட்டித் தாருங்கள்" என்று கேட்டால், பிழை பொருளின் பக்கம் போய்விடும், மூத்தவர் அறிவுரை கூறும் இடத்துக்கு வந்துவிடுவார். அவர் செலவழிக்கும் நேரத்துக்கும் பஸ்சுக்கும் பணம் கொடுங்கள். உங்கள் நேரத்துக்குக் கூலி உண்டு என்றால் அவருடையதற்கும் உண்டு.

மூன்றாம் படி: ஏற்கெனவே என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள்

எந்த மூத்தவரும் வெறுங்கையோடு உங்கள் செயலியிடம் வருவதில்லை. சுவரில் நாட்காட்டி தொங்குகிறது, அதில் கிளினிக் நாளைச் சுற்றி வட்டம் போடப்பட்டிருக்கிறது. குளிசைகள் காலை, பகல், இரவு என்று மூன்று போத்தல் மூடிகளில் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. தொலைபேசி இலக்கங்கள் கதவின் பின்புறத்தில் கரித்துண்டால் எழுதப்பட்டிருக்கின்றன. கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் அழைக்கும்போது எடுக்கத் தெரிகிறது. திருப்பி அழைக்கத் தெரியாவிட்டாலும் குரல் செய்தி அனுப்பத் தெரிகிறது. இவை எல்லாம் அவர்களே கண்டுபிடித்து வைத்திருக்கிற வடிவமைப்புகள். அவற்றைப் படம் வரைந்து எழுதிக்கொண்ட பிறகே உங்கள் திரையை வரையத் தொடங்குங்கள்.

பயன்படுத்துபவரை வடிவமைப்பாளராகவே மேசைக்கு அழைக்கும் முறை 1970களில் ஸ்கண்டிநேவிய நாடுகளில் தொழிற்சங்கங்களின் வழியாக வந்தது. தங்கள் தொழிற்சாலைக்குள் கணினி நுழைந்தபோது, அது எப்படி இருக்க வேண்டும் என்பதில் தங்களுக்கும் சொல் உண்டு என்று நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தினர் கேட்டார்கள். கிறிஸ்டன் நிகார்ட் போன்ற கணினி அறிஞர்கள் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். அந்த முறையின் கருவிகள் மிக எளியவை, மட்டையும் கத்தரிக்கோலும் போதும்.

நாங்கள் செய்த விதம் இது. சீமெந்துப் பை மட்டையில் கையளவை விடப் பெரிய போன் ஒன்றை வெட்டினோம். "கிளினிக் நாள்", "குளிசை", "தாதிக்கு அழை", "மகளுக்கு அழை" என்று தனித்தனித் துண்டுகளில் எழுதிக் கொடுத்து, வேண்டிய இடத்தில் வையுங்கள், வேண்டாததை எறியுங்கள் என்று சொன்னோம். குளத்து வாய்க்கால் வேலையில் ஆயுளைக் கழித்த ஐயா ஒருவர் மூன்று துண்டுகளை எறிந்தார். "மகளுக்கு அழை" என்பதை நடுவில் வைத்தார். பிறகு திகதி எழுதியிருந்த துண்டைக் கையில் எடுத்து, நெடுநேரம் பார்த்து, "தம்பி, இது எந்தப் பங்குனி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியின் கனம் எங்களுக்கு உடனே விளங்கவில்லை. நமது அலுவலகப் படிவங்களில் மார்ச் மாதத்தைப் பங்குனி என்றே எழுதுவது வழக்கம். பஞ்சாங்கத்தின் பங்குனியோ மார்ச் நடுவில்தான் பிறக்கிறது. "பங்குனி 5" என்று நாங்கள் எழுதியதை அவர் பஞ்சாங்கக் கணக்கில் எடுத்தால் கிளினிக் இரண்டு கிழமை பிந்திவிடும். அன்றிலிருந்து "மார்ச் 5, செவ்வாய்க்கிழமை, இன்னும் 3 நாள்" என்று கிழமையையும் எஞ்சிய நாளையும் சேர்த்து எழுதுகிறோம். கணினி முன் இருந்து ஆறு மாதம் யோசித்தாலும் இது எங்களுக்குத் தோன்றியிராது.

நான்காம் படி: கண்

நாற்பதுகளில் வெள்ளெழுத்துத் தொடங்குகிறது. வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சள் படிகிறது, கண்மணி சுருங்குகிறது. இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதுக்காரரின் விழித்திரையை அடைகிறது. நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிவது கடினமாகிறது. இதனோடு வன்னி வெயிலையும், மின்கலம் இறங்காமல் இருக்கட்டும் என்று திரை வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும் பழக்கத்தையும், பிள்ளைகள் பாவித்துக் கீறல் விழுந்த பிறகு கைமாறி வந்த போனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இயலாமை உள்ளவர்களும் இணையத்தைப் பயன்படுத்த வழி சொல்லும் உலகத் தரநெறியான இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுநெறிகளின் (WCAG) 2.2 பதிப்பு 2023 ஒக்டோபரில் வெளியானது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிவேறுபாடும், பெரிய எழுத்துக்கு 3:1உம் அதன் இடைநிலை மட்டத்தில் கேட்கப்படுகின்றன. உயர் மட்டம் சாதாரண எழுத்துக்கு 7:1 கேட்கிறது. மூத்தோருக்காக வேலை செய்பவர்கள் 7:1ஐயே குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் முடிவு. வடிவமைப்பாளர்கள் விரும்பும் #999999 என்ற சாம்பல் நிறம் வெள்ளைப் பின்னணியில் 2.85:1 மட்டுமே தருகிறது. #595959 என்ற சாம்பல் 7:1ஐத் தொடுகிறது. இரண்டையும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வயல் வரம்பில் நின்று பாருங்கள், அதற்குப் பிறகு யாரும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தமிழ் எழுத்துக்கெனச் சில கவனங்கள் உண்டு. புள்ளியே முதலில் மறையும். எழுத்து சிறுத்தால் "க்" என்பது "க" ஆகிவிடுகிறது. தடித்த எழுத்தில் "ண", "ன" இரண்டின் சுழிகளும் அடைபட்டுப் போகும். ஆகவே அளவைப் பெருக்குங்கள், தடிப்பை மிதமாக வையுங்கள். வரிகளுக்கிடையே எழுத்தளவின் ஒன்றரை மடங்கு இடைவெளி இல்லாவிட்டால் மேல்வரியின் "ழு" கீழ்வரியின் "கி"யோடு முட்டும். நமது சொற்கள் நீளமானவை; அன்ட்ரொயிட் 14இலிருந்து எழுத்தை 200 சதவீதம்வரை பெருக்கலாம் என்பதால், அந்த அளவில் வைத்து ஒவ்வொரு திரையையும் பாருங்கள். "உறுதிப்படுத்துக" என்ற பொத்தான் "உறுதிப்ப..." என்று முறிந்து நிற்பதைக் காண்பீர்கள். "சரி" என்று எழுதினால் முறிவதற்கு ஒன்றும் இல்லை.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான அறிவித்தல்களை அப்படியே ஒட்டாதீர்கள். கண்ணுக்கு அது தமிழாகத் தெரியும். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். யுனிகோட்டுக்கு மாற்றிய பிறகே சேர்க்க வேண்டும். படமாக எடுத்துப் போடும் அறிவித்தல்களுக்கும் இதே குறை உண்டு.

ஐந்தாம் படி: விரலும் காதும்

தொடுதிரை, விரல் பட்டதும் தன் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை உணர்ந்து வேலை செய்வது; வரண்ட தோலில் அந்த மாற்றம் குறைவு. வயது முதிர்ந்த தோல் வரண்டது. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல் இன்னும் வரண்டது. திரை உணரவில்லை என்றதும் மூத்தவர் இன்னும் பலமாக, இன்னும் நீண்ட நேரம் அமத்துகிறார். அரை நொடி தாண்டியதும் போன் அதை நீண்ட அழுத்தமாக எடுத்து வேறொரு பட்டியலைத் திறக்கிறது. முற்றத்தில் ஆச்சிக்கு நடந்தது இதுதான். போனின் அணுகல் அமைப்புகளில் நீண்ட அழுத்தத்துக்கான நேரத்தைக் கூட்ட முடியும். அதை வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் செயலியில் நீண்ட அழுத்தத்துக்கு எந்தத் தனிவேலையும் கொடுக்காதிருப்பது.

வழிகாட்டுநெறி கேட்கும் தொடுபரப்பின் குறைந்த அளவு 24க்கு 24 பிக்சல். அன்ட்ரொயிட் வழிகாட்டி 48 அலகு கேட்கிறது. அது திரையில் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர். எங்கள் முதியவர்களோடு பழகிய பிறகு முக்கியமான பொத்தான்களைத் திரையின் முழு அகலத்துக்கும் நீட்டிவிட்டோம். இரு பொத்தான்களுக்கிடையே ஒரு விரல் அகல வெற்றிடம் விடுங்கள். இழுத்தல், சுழற்றுதல், இரு விரலால் பெருப்பித்தல் ஆகிய எதையும் ஒரே வழியாக வைக்காதீர்கள். பிறந்த ஆண்டைச் சக்கரம்போலச் சுழற்றித் தெரிவுசெய்யச் சொன்னால் 1948க்குப் போய்ச் சேருமுன் கை நடுங்கி 1931க்கோ 1960க்கோ போய்விடும்.

காதைப் பொறுத்தவரை, வயதோடு முதலில் போவது உச்ச ஒலிகள். கீச்சென்ற மணியோசை பலருக்குக் கேட்பதே இல்லை. தாழ்ந்த சுருதி ஒலியும் அதிர்வும் திரையில் எழுத்தும் மூன்றும் சேர்ந்து வர வேண்டும். குரலில் சொல்லும் தகவலைத் திரும்பக் கேட்க ஒரு பெரிய பொத்தான் வையுங்கள். எங்கள் செயலிக்கு மாங்குளத்துப் பெண் ஒருவரின் நிதானமான குரலைப் பதிந்தோம், இயந்திரக் குரலின் தமிழ் வாசிப்பைக் கேட்ட ஒருவர் "இது எந்த ஊர்ப் பிள்ளை?" என்று கேட்ட பிறகு எடுத்த முடிவு அது.

ஆறாம் படி: சொல்

மொழிபெயர்ப்பு அகராதியிலிருந்து வந்த சொற்கள்தான் போனைக் கையிலிருந்து பிடுங்குவதில் முதலிடம் பெறுகின்றன. "சொடுக்குக" என்ற சொல்லைக் கண்டு விரல்களைச் சொடுக்கிக் காட்டிய ஒருவர் உண்டு. அவர் செய்தது சொல்லின்படி முற்றிலும் சரி. "உள்நுழைக", "கடவுச்சொல்", "முகப்பு", "அமைப்புகள்" ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, இது என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள் என்று பத்துப் பேரிடம் கேளுங்கள். "கடவுச்சொல்" என்பதைக் கடவுளோடு தொடர்புபடுத்தியவர்கள் எங்களுக்குக் கிடைத்தார்கள். "இரகசிய இலக்கம்" எல்லோருக்கும் விளங்கியது. இங்கே "எண்" என்பதைவிட "இலக்கம்" என்பதே அடையாள அட்டை முதல் பஸ் வரை பழகிய சொல். "நீரிழிவு" என்று எழுதினாலும் பக்கத்தில் "சீனி வருத்தம்" என்று ஒருமுறை சொல்ல வேண்டும்.

பேச்சு வழக்கிலேயே எழுதிவிடலாமா என்ற விவாதம் எங்களுக்குள் நெடுநாள் நடந்தது. "இஞ்ச அமத்துங்கோ" என்று பொத்தானில் எழுதிப் பார்த்தோம். பெரும்பாலானோர் அதை விரும்பவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் அச்செழுத்திடம் அச்சுத்தமிழையே எதிர்பார்க்கிறார்கள். பேச்சுத் தமிழை எழுத்தில் காணும்போது தங்களைக் குறைவாக மதிக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். ஆகவே எழுத்தில் "இங்கே அழுத்துங்கள்", குரலில் "இஞ்ச அமத்துங்கோ" என்று பிரித்தோம். மூத்தவரை ஒருபோதும் ஒருமையில் விளிக்காதீர்கள். "அனுப்பு", "திற" என்ற கட்டளைச் சொற்களைவிட "அனுப்பலாம்", "பார்க்கலாம்" நன்றாக நிற்கின்றன.

படக்குறிகள் தனியாக ஒன்றையும் சொல்வதில்லை. மூன்று கோடுகள் பட்டியல் என்பதும், பற்சக்கரம் அமைப்புகள் என்பதும் நாம் பழகியதால் நமக்குத் தெரிந்தவை. நெல் ஆலையில் வேலை செய்த ஒருவருக்குப் பற்சக்கரம் பற்சக்கரம்தான். ஒவ்வொரு குறியின் கீழும் சொல் இருக்கட்டும்.

ஏழாம் படி: அடையாளம், பெயர், இரகசிய இலக்கம்

பழைய தேசிய அடையாள அட்டையில் 9 இலக்கங்களும் இறுதியில் "வி" அல்லது "எக்ஸ்" என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். 12 இலக்க அட்டை 2016இலிருந்து வந்தது. மூத்தோர் பலரிடம் இருப்பது பழையதே. அவர்களிடம் இலக்கங்கள் மட்டும் உள்ள விசைப்பலகையைக் காட்டினால் "வி"யை எங்கே தேடுவார்கள்? இலக்கப் பலகையோடு அந்த இரு எழுத்துகளையும் பெரிய பொத்தான்களாகச் சேர்த்துவிடுங்கள், அல்லது 9 இலக்கம் முடிந்ததும் கேளுங்கள். பழைய இலக்கத்தின் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே அடையாள அட்டை இலக்கம் வாங்கிய பிறகு பிறந்த திகதியையும் பாலையும் மறுபடி கேட்பது வீண் வேலை. அதற்கு முன்பாக, இந்த இலக்கம் உண்மையாகவே தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் செயலிக்குத் தேவைப்படவில்லை, நீக்கிவிட்டோம்.

பெயருக்கு ஒரே கட்டம் போதும். "முதற்பெயர்", "குடும்பப்பெயர்" என்ற பிரிவு நமது வழக்கில் இல்லை. இடப்பெயர்வில் ஆவணங்களை இழந்து மறுபடி எடுத்தவர்களின் பெயர் ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் இருக்கும் என்பதால், எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் ஏற்போம் என்ற நிபந்தனை அவர்களை வெளியே தள்ளிவிடும்.

உள்நுழையும்போது குறுஞ்செய்தியில் வரும், ஒருமுறை மட்டுமே செல்லுபடியாகும் இலக்கத்தைப் (OTP) பற்றி இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டும். போனுக்கு ஆறு இலக்கம் வருகிறது, ஒரு நிமிடத்துக்குள் நினைவில் வைத்து வேறு திரைக்குப் போய்த் தட்ட வேண்டும். குறுகியகால நினைவு தளரும் வயதில் இது ஒரு சுவர். பல வீடுகளில் பதிவான இலக்கம் மகனுடையது, மகன் வேலைக்குப் போயிருக்கிறான். "இந்த இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று எச்சரிக்கும் அதே செய்தியை வாசிக்க மூத்தவருக்குப் பேரன் தேவைப்படுகிறான். மேலே சொன்ன அணுகல் வழிகாட்டுநெறிகளின் 2.2 பதிப்பு, நினைவாற்றலைச் சோதிக்காமல் உள்ளே விடும் ஒரு வழியாவது இருக்க வேண்டும் என்கிறது. வந்த இலக்கத்தைச் செயலியே எடுத்து நிரப்பட்டும், அல்லது கைரேகைக்கு வழி விடுங்கள். ஆனால் உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகை பல வேளைகளில் பதியாது என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். பணமோ மருத்துவக் குறிப்போ இல்லாத செயலிக்கு உள்நுழைவே வேண்டாம்.

எட்டாம் படி: பிழையும் பயமும்

"நான் அமத்திப் பழுதாக்கிப் போடுவன்" என்ற வசனத்தை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன். எதை அழுத்தினாலும் திரும்பி வரலாம் என்ற நம்பிக்கையைத் திரை தர வேண்டும். எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்தில் "முதற்பக்கத்துக்குப் போகலாம்" என்ற பொத்தான் நிற்கட்டும். அழிப்பதற்கும் அனுப்புவதற்கும் முன் ஒருமுறை கேளுங்கள், அழித்த பிறகும் மீட்க வழி வையுங்கள். "தவறான உள்ளீடு" என்று சிவப்பில் கத்தாமல், "தொலைபேசி இலக்கத்தில் ஓர் இலக்கம் குறைகிறது, 10 இலக்கம் வேண்டும்" என்று சொல்லுங்கள். நேரக் கட்டுப்பாடு வைக்காதீர்கள்.

புதுப்பிப்பு என்ற பெயரில் பொத்தான்களை இடம் மாற்றுவது மூத்தோருக்குச் செய்யும் பெரிய அநியாயம். மூன்று மாதம் பழகி, "மேலிருந்து இரண்டாவது" என்று கைக்குப் பாடமானதை ஓர் இரவில் கலைத்துவிடுகிறீர்கள்.

ஒன்பதாம் படி: உதவும் கை

பேரனை முற்றாக விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வன்னியில் போன் குடும்பத்தின் பொருள். உதவி கேட்பதில் வெட்கம் இல்லை. ஆனால் உதவுபவர் என்ன பார்க்கலாம் என்பதை மூத்தவர் தீர்மானிக்க வேண்டும். கிளினிக் நாளை மகள் பார்க்கட்டும், எந்த நோய்க்கு என்பதைப் பார்க்க வேண்டியதில்லை என்று ஒரு தாய் நினைத்தால் அதற்கு இடம் இருக்க வேண்டும். "இப்போது உங்கள் மகள் பார்க்கிறார்" என்று திரையில் எழுதிக் காட்டுங்கள், ஒரே தொடுகையில் நிறுத்த வழி கொடுங்கள். தொலைவில் இருக்கும் பிள்ளை தன் போனிலிருந்து நினைவூட்டலை அமைத்துவிட, மூத்தவர் "எடுத்துவிட்டேன்" என்று மட்டும் அழுத்துவது எங்களிடம் நன்றாக வேலை செய்தது.

பத்தாம் படி: சமிக்ஞை இல்லாத இடம்

துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்து உட்கிராமங்களில் சமிக்ஞை வரும், போகும். செயலி இணையம் இல்லாமலும் திறக்க வேண்டும், பழைய அன்ட்ரொயிட் போனிலும் ஓட வேண்டும், சிறிதாக இருக்க வேண்டும். போனே இல்லாதவருக்கும் வழி வேண்டும். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தையும் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்தையும் அழைத்துப் பேசத் தெரிந்த முதியவர்கள் உண்டு. குரல் அழைப்பு அவர்களுக்குப் பழகிய கதவு. உங்கள் சேவைக்கும் மனிதர் எடுக்கும் ஓர் இலக்கம் இருக்கட்டும். செயலி வந்துவிட்டது என்பதற்காகத் தாள் படிவத்தை நிறுத்தாதீர்கள்.

பதினோராம் படி: அருகில் இருந்து பார்த்தல்

முன் இருக்காமல் பக்கத்தில் இருங்கள். கைகளை மடியில் வையுங்கள். இது இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாவற்றிலும் கடினமான படி, ஏனெனில் மூத்தவர் தடுமாறும்போது கை தானாக நீளும். வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறொரு வேலை கொடுங்கள். எங்களில் ஒருவர் பேரப்பிள்ளைகளைக் கிணற்றடிப் பக்கம் அழைத்துப்போய் விளையாடுவார். பணியை ஒரு கதையாகச் சொல்லுங்கள்: "நாளைக்குக் கிளினிக் போக வேண்டும், எத்தனை மணிக்கு என்று இதில் பாருங்கள்." பிறகு பேசாதிருங்கள். ஒரு நிமிட மௌனம் உங்களுக்குத்தான் நீளம்.

"எல்லாம் நல்லாயிருக்கு, பிள்ளை" என்பது விருந்தோம்பல். அதை முடிவாக எழுதாதீர்கள். வந்த பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்ற பண்பு அது. மெய்யான பதிலைப் பெற எனக்குத் தெரிந்த சிறந்த வழி, பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் காட்டிக் கொடுக்கச் சொல்வது. கற்பிக்கும்போது எதைத் தாண்டிப் போகிறாரோ, எந்தச் சொல்லைத் தன் சொல்லாக மாற்றுகிறாரோ, அங்கெல்லாம் நீங்கள் திருத்த வேண்டியது இருக்கிறது. பின்பு இரண்டு கிழமை கழித்து, சொல்லாமற்கொள்ளாமல் அல்ல, முன்கூட்டியே அறிவித்துப் போய், அதே பணியைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். முதல் நாள் வெற்றியைவிட அந்த நாளின் வெற்றியே கணக்கு.

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் திரும்பிப் போய், நீங்கள் சொன்னதால் இதை மாற்றினோம், இதை மாற்ற முடியவில்லை, காரணம் இது என்று அவர்களிடமே சொல்லுங்கள். தகவல் எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வராத அனுபவம் இந்த ஊர்களில் அளவுக்கு மேல் உண்டு.

முள்ளியவளை ஆச்சியிடம் ஐந்தாம் தடவை போனபோது பேரன் பக்கத்தில்தான் நின்றான். அவர் போனை இடது கையில் ஏந்தி, வலது கைச் சுட்டுவிரலைச் சேலைத் தலைப்பில் ஒருமுறை துடைத்துவிட்டு அமத்தினார். கிளினிக் நாள் திறந்தது, வாய்விட்டு வாசித்தார். பிறகு எங்களைப் பார்த்து, விடியற்காலைப் பூசை நேரத்தில் இது மணியடிக்கிறது, அதை நிறுத்த வழி இல்லையா என்று கேட்டார். நேரத்தை மாற்றும் திரை இருக்கிறது, ஆனால் அது மூன்று பக்கம் உள்ளே, ஒரு பற்சக்கரத்தின் பின்னால் கிடக்கிறது. அதை முதற்பக்கத்துக்குக் கொண்டுவரும் வேலை இப்போது மேசையில் இருக்கிறது. மட்டைத் துண்டுகளை வெட்டிவிட்டோம், வருகிற சனிக்கிழமை அவற்றை அவர் முன் பரப்ப வேண்டும்.